பஞ்சாரத்துக்குள் ஒரு புத்தகம்

அளத்தங்கரையில் புத்தகங்கள் வீடு தேடி வந்த கோடையைப் பற்றி இன்றைக்கு யாரைக் கேட்டாலும், அந்த வருஷம் உப்பு நல்ல விளைச்சல் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்புறம் தொண்டையைச் செருமி, கடல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாமா, புத்தகங்களும் வந்தன, ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்பார்கள். நம்பிவிடாதீர்கள். எல்லார் வீட்டுக்கும் வந்தது. வராத வீடு ஒன்று இருந்ததென்றால் அதில் ஆள் குடியிருந்திருக்காது.

ஊர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் கண் கூசும் உப்புப் பாத்திகள், நடுவே நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், சிலுவை வைத்த ஒரு வேதக்கோயில், அப்புறம் உப்புத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் ஒரு காலத்தில் ஆவேசமாகக் கட்டி அதே வேகத்தில் மறந்தும் போன ஒற்றை அறை நூலகம். அதைப் பார்த்துக்கொண்டவர் சிவனணைந்தான் சார். தினமும் பஸ்ஸில் வந்து இறங்கி, கதவைத் திறந்து, புத்தகங்களின் மேல் படிந்த உப்புப் பொடியைத் தட்டி, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து, கதவைச் சாத்திவிட்டுப் போவார். யாரும் உள்ளே வந்ததில்லை. பகலெல்லாம் வெள்ளை வெயிலில் நின்று உப்பு வாரியவளுக்குச் சாயங்காலம் எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரியும். அதோடு, படித்து நாம் என்ன கலெக்டராகவா போகிறோம் என்ற கேள்விக்கு அந்த ஊரில் யாரிடமும் பதில் இல்லை.

அளத்தங்கரைக்குப் பஞ்சம் புதிதில்லை. குடிதண்ணீருக்குப் பஞ்சம், நிழலுக்குப் பஞ்சம், மழைக்காலத்தில் வேலைக்குப் பஞ்சம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பஞ்சம் ஒன்று இருந்தது. அது இருப்பதே யாருக்கும் தெரியாததால் அதற்கென்று ஒருவரும் அழவில்லை. எதை, எங்கே, யாரிடம் கேட்பது என்று தெரியாத பஞ்சம் அது. பாம்பு கடித்தவனை மருந்து இருக்கிற ஆஸ்பத்திரியைத் தாண்டி, மருந்து இல்லாத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் தனக்கு உதவித்தொகை உண்டென்பது தெரியாமலே கிழவியாகிச் சாவாள். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு மறுநாள் பாத்தியில் இறங்குவார்கள். விதிக்கு வாய் இருந்தால், எதற்கெடுத்தாலும் என் தலையில் ஏன் போடுகிறீர்கள் என்று அதுவே அழுதிருக்கும்.

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் சிவனணைந்தான் கதவைத் திறந்ததும், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகம் இறங்கி, அட்டை இரண்டையும் கோழி இறக்கை மாதிரி விரித்துத் தத்தித் தத்தி வாசல்படி தாண்டி, தெருவோடு போய், லூர்தம்மாள் வீட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டது. புருஷனை இழந்த லூர்தம்மாள் அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். ச்சூ என்று விளக்குமாற்றால் விரட்டினாள். அது நகர்ந்து நகர்ந்து அதே இடத்துக்கே வந்தது. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் யாரோ எடுத்துப் புரட்டி, இன்ன மாதிரி விதவைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் இவ்வளவு தருகிறது, இன்ன ஆபீஸில் போய்க் கேட்க வேண்டும் என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது, லூர்தம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, இத்தனை வருஷமாவா என்று கேட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். படித்து முடித்ததும் புத்தகம் எழுந்து நூலகத்துக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் இன்னும் சில இறங்கின. அதற்கு மறுநாள் தெருவெல்லாம் புத்தகம். ஆட்டுக்கு வாய்ப்புண் வந்த வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு வயிற்றால் போகும் வீட்டுக்கு ஒன்று, நர்ஸ் படிப்புக்கு எங்கே எழுதிப் போடுவது என்று தெரியாமல் பிள்ளை ஒன்று முழித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒன்று. அளத்தங்கரைக்காரர்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கடல் நினைத்தால் தெருவுக்குள் வரும், நண்டு நினைத்தால் அடுப்படிக்குள் வரும், புத்தகம் வந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது அதன் மேல் படாமல் தெளித்தார்கள். கடைத்தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதில், ஒங்க வீட்டுக்கு என்ன வந்திருக்கு என்று கேட்டுக்கொண்டார்கள்.

சிவனணைந்தான்தான் பாவம். கையெழுத்து வாங்காமல் புத்தகம் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். புத்தகமே தன் காலில் போனால் என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. கடைசியில் அவர் மைப்பெட்டியும் தேதி முத்திரையுமாகத் தெருத் தெருவாக நடந்து, வாசலில் குந்தியிருக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துப் பின்னட்டையின் உள்பக்கம் ஒரு குத்துக் குத்திவிட்டுத் திரும்ப வைத்தார். யார் வீட்டில் எது இருந்தது என்று எவர் வாயைக் கிண்டினாலும் பதில் வராது. வாசகர் சங்கதி வாசகருக்கு, எனக்கென்ன அதில் என்பார். அது ஒன்றுதான் அவருக்கு வேதம்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புத்தகத்துக்கு அட்டை என்று ஒன்று உண்டு, அட்டையில் பெரிய எழுத்தில் பேர் உண்டு, தெருவுக்குக் கண் உண்டு. குடியை நிறுத்துவது எப்படி என்ற புத்தகம் வேதக்கோயில் பாட்டுக்காரர் வீட்டு வாசலில் பட்டப்பகலில் வந்து உட்கார்ந்தது. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாதவள் வாசலில் வந்த புத்தகத்தில், குறை ஆண்களிடமும் இருக்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அடிக்கிற புருஷனிடமிருந்து சட்டம் எப்படிக் காப்பாற்றும் என்பது ஒன்று, வெளியே நல்லவன் மாதிரி நடந்துகொண்ட ஒருத்தன் வீட்டுக்குப் போய் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வரன் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் வாசலைப் பார்த்தார்கள். அதுவரை தெளித்த தண்ணீர் மேலே படாமல் பார்த்துக்கொண்ட ஊர், கோழியை மூடி வைக்கிற பஞ்சாரக் கூடையை எடுத்துப் புத்தகத்தின் மேல் கவிழ்க்கத் தொடங்கியது. கோழிகள் தெருவில் திரிந்தன, பஞ்சாரங்களுக்குள் புத்தகங்கள் தாளைப் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தன. கொஞ்சம் விவரமானவர்கள், தங்கள் வாசலுக்கு வந்ததைக் கம்பால் பத்தி அடுத்தவன் வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியக்கனியின் வாசலில் ஒரு நீல அட்டைப் புத்தகம் வந்து உட்கார்ந்தது.

பாக்கியக்கனி அந்த வேளையில் ஊரிலேயே தலை நிமிர்ந்து நடந்தவள். புருஷன் தூத்துக்குடியில் வேறொருத்தியோடு இருந்தான், அது பழைய கதை. அவள் நிமிர்ந்து நடந்தது மகள் செண்பகத்தால். பாத்தியில் புதிதாக இறங்குகிற எவளுக்கும் உப்புத் தண்ணீர் காலை எரிக்கும். பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு போய், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு சாயங்காலமெல்லாம் அழுவார்கள். வருஷங்கள் ஓடி ஒரு நாள் எரிச்சல் மட்டுப்படும். அன்றைக்கு உப்பு அவளை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பெண்கள் குலவையிட்டு, தேங்காயும் வெல்லமும் வாயில் போட்டு, உப்பு வாருகிற பலகையைச் சொந்தமாகக் கையில் கொடுப்பார்கள். பதினேழு வயதுச் செண்பகத்தை ஒரே பருவத்தில் உப்பு ஏற்றுக்கொண்டது. எரியுதா என்றால் இல்லை என்றாள், எதுவுமே தெரியலைம்மா என்றாள். ஊரே அதிசயப்பட்டது. கங்காணி ஏசுவடியான், பாத்தி வேலைக்கும் ஊர் வழக்குக்கும் அவர்தான் பெரிய தலை, செருப்பே போடாமல் கிளிஞ்சல் குவியல் மேலும் மத்தியான உப்பின் மேலும் நடக்கிற மனுஷன், தன் கையாலேயே அவளுக்குப் பலகை கொடுத்து, 'ஏட்டி, என்னையே மிஞ்சிட்டியே' என்றார். பாக்கியக்கனிக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மகள் கெண்டைக்காலில் வெளிறின ஒரு தேமல் இருந்ததும், இடது கைச் சுண்டுவிரல் நிமிர அடம்பிடித்ததும் அவள் பார்த்தவைதான். உப்பு வேலையில் தேமல் வராதா, பலகை பிடிக்கிற கையில் விரல் மடங்காதா.

அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நீல அட்டையைக் குனிந்து பார்த்து, உதடு அசைய, தொ, ழு என்று ஆரம்பித்து நான்கு எழுத்தையும் கூட்டி முடித்தபோது விருட்டென்று இரண்டடி பின்னால் போனாள். தொழுநோய். அந்த வியாதிக்காரர்களை ஒரு காலத்தில் கடலுக்குள் இருக்கிற மணல்திட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தோணியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்களாம் என்று சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

இது நம் வீட்டுக்கு வந்ததாக இருக்கும் என்று அவள் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடத்தியின் வேலை. மாடத்திக்கும் ஒரு மகள் இருந்தாள், பாத்தியில் இறங்கி இன்னும் எரியுது எரியுது என்று அழுகிறவள். பாக்கியக்கனி புத்தகத்தை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போய் மாடத்தி வாசலில் விட்டாள். தன் வாசலுக்குத் திரும்புவதற்குள் அது பின்னாலேயே தத்தி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. தெரு கூடிவிட்டது.

"எம் மவளுக்கு உப்பு சீக்கிரம் ஏத்துக்கிட்டுன்னு ஒனக்கு வயித்தெரிச்சல். அதான் இந்தச் சனியன எங்கேருந்தோ பத்தி விட்டிருக்க" என்றாள் பாக்கியக்கனி.

மாடத்தி இடுப்பில் குடத்தோடு நின்றாள். "எக்கா, எம் புள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் பத்தல. அது பாட்டுக்கு வந்து ஒங்க வாசல்ல உக்காருது. நான் தள்ளியிருந்தா நீங்க தள்ளுன ஒடனே எங்க வீட்டுலல்லா இருக்கணும்?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் பாக்கியக்கனிக்கு ஆத்திரம் தலைக்கேறி, சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி, கடைசியில் புத்தகத்தைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே படபடப்பு நிற்கவில்லை. எம்மா, அது என்ன புத்தகம்மா என்று செண்பகம் கேட்டாள். வேற வேலை இல்ல ஒனக்கு என்று சொல்லிவிட்டாள். மகள் ஒன்பதாவது வரை படித்தவள். எடுத்துப் படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் கஞ்சி குடிக்க ஒதுங்கிய நேரம், பாக்கியக்கனி நீலப் புத்தகத்தை உப்புக் கூடையில் போட்டு, மேலே துண்டை மூடி, தான் வாருகிற பாத்திக்குக் கொண்டுபோனாள். அது கூடைக்குள் திமிறியது. கணுக்கால் வரை உப்புத் தண்ணீரில் இறங்கி, அதைத் தரையோடு அமுக்கிப் பிடித்து, கரையில் கிடந்த கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் வரவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு கஞ்சி குடிக்கப் போனாள்.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் கூடியது. இனிமேல் பொறுப்பதற்கில்லை, நூலகத்தைப் பூட்டிச் சங்கிலி போட வேண்டும், சாவி ஊர்ப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கங்காணி ஏசுவடியான் எழுந்து நின்று பேசினார். வழக்கமாக நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மனுஷனுக்கு அன்றைக்கு நெற்றியெல்லாம் வேர்வை. லூர்தம்மாள் மட்டும், என்னை மாதிரி நாலு பேர் பிழைத்தார்களே என்று முனகினாள். நாலு பேர் பிழைக்க நாற்பது பேர் மானம் போகவா என்று யாரோ கேட்டார்கள். சரி என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் கங்காணி. முதல் கை பாக்கியக்கனியின் கை. புத்தகங்களைப் பத்தி உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, சங்கிலி சுற்றி, ஜன்னல் வழியாகத் தப்பிவிடக் கூடாதென்று பழைய மீன்வலையால் கட்டிடத்தையே மூடினார்கள். சிவனணைந்தான் முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து கதவில் மோதுகிற சத்தம் பல நாள் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் ஊருக்குப் பழகிவிட்டது, பிறகு அது குறைந்துகொண்டே வந்தது.

ஊர் பழையபடி ஆனது. பாக்கியக்கனியும் பழையபடி ஆகியிருப்பாள், அந்தக் கருவாட்டு வாசனை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

செண்பகம் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். மாடத்தி மகள் எடுத்திருக்கிற பாவாடையின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே முறம் புடைத்துக்கொண்டிருந்த பாக்கியக்கனி, "ஏட்டி, கருவாடு கருகுது பாரு" என்றாள்.

"இல்லியேம்மா, இப்பத்தான போட்டேன்."

பாக்கியக்கனி எழுந்து உள்ளே வந்தாள். சட்டியில் கருவாடு வெள்ளையாகக் கிடந்தது. வாசனை கீழேயிருந்து வந்தது. விறகிலிருந்து தெறித்து விழுந்த கங்கு ஒன்றின் மேல் செண்பகத்தின் இடது கால் பெருவிரல் ஊன்றி நின்றது, விரலுக்கடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது, அவள் கரண்டியைத் திருப்பிக்கொண்டே பாவாடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாக்கியக்கனி மகளைத் தள்ளிவிட்டு, கங்கை வெறும் விரலால் பிய்த்து எறிந்தாள். தன் விரல் பொசுங்கியபோது தாங்க முடியாமல் உதறினாள். அதே கங்கின் மேல்தான் மகள் அத்தனை நேரம் நின்றிருக்கிறாள். தன் தாலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, செண்பகத்தின் கெண்டைக்கால் தேமலில் குத்தினாள். ரத்தம் மொட்டாக வந்தது. "என்னம்மா செய்யுத?" என்று மகள் சிரித்தாள். பாதத்தில் குத்தினாள். சுண்டுவிரலில் குத்தினாள். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்தாள்.

பாக்கியக்கனி ஓடினாள், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் பாத்திக்கு ஓடினாள். கல்லைப் புரட்டினாள். புத்தகம் இருந்தது. உப்பு அதன் மேல் பூத்து, தாளுக்குள் தாளாக இறங்கி இறுகி, வெள்ளைப் பாளமாகக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள், பல்லால் பிரித்தாள், முழங்காலில் வைத்து உடைத்தாள். உள்ளேயும் உப்பு. ஒரு எழுத்து இல்லை.

அப்புறமாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும், கேட்கிறீர்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மணல்திட்டும் திரும்பிப் போகிற தோணியும்தான். மருந்தே இல்லாத வியாதிக்கு ஆஸ்பத்திரி எதற்கு? போனால் ஊருக்குத் தெரியும், கங்காணி பாத்தியில் கால் வைக்க விட மாட்டார், மகளை ஒருத்தன் ஏறிட்டுப் பார்க்க மாட்டான், கடைசியில் இரண்டு பேரும் எங்கேயாவது சத்திரத்து வாசலில் கிடக்க வேண்டியதுதான். அதனால் புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள், காலில் ஆணி குத்திவிட்டது என்று தெருவுக்குச் சொன்னாள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், வேதக்கோயிலுக்கும் போய் ஒரு மெழுகுவர்த்தி வைத்தாள். வலியில்லாத புண் ஆறவில்லை. வலிக்காததால் செண்பகம் அதை ஊன்றியே நடந்தாள். விரல் கறுத்தது, வீட்டுக்குள் வாடை வந்தது, ஊதுபத்தி கொளுத்தினாள். கொளுத்தக் கொளுத்த வாடை அதற்கு மேலே வந்தது.

ஒரு நாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கம்மா போறோம் என்று செண்பகம் கேட்டாள். சும்மா வா என்றாள். முழங்கால் ஆழத்தில் அலை அடித்தது. இடுப்பளவு ஆழத்தில் செண்பகம் நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை உருவிக்கொள்ளவில்லை, அழவுமில்லை.

"எம்மா, இதுக்கு மருந்து கெடையாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

பாக்கியக்கனி யோசித்தாள். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாவுக்கு வந்து நிற்கிற இடத்தில் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தபோது, அவள் அந்தக் கடலுக்குள் நின்று வாய்விட்டு அழுதாள். தெரியாமலே சாகிறதா? ஒரு வார்த்தை, உண்டு, இல்லை, அதில் ஏதோ ஒன்று, அதுகூடத் தெரியாமல் பெற்ற பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறதா? மகளைக் கரைக்கு இழுத்து வந்து, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, நேரே உப்பைக் குவித்து வைத்திருக்கிற அம்பாரத்தடிக்குப் போனாள். மத்தியானக் கஞ்சிக்கு ஊர் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"கங்காணியாரே, நூலகத்தைத் தொறங்க" என்றாள்.

ஏசுவடியான் தூக்குச்சட்டியை மூடினார். "என்னத்துக்கு?"

"எனக்கு ஒரு பொஸ்தகம் வேணும்."

"என்ன பொஸ்தகம்?"

அவ்வளவு பேரும் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பாக்கியக்கனி தன் பின்னால் நின்ற மகளை முன்னால் இழுத்து, சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கி, கட்டை அவிழ்த்துக் காலைக் காட்டினாள். "தொழுநோய் பொஸ்தகம். எம் மவளுக்குக் கங்கு சுட்டாலும் தெரியல. உப்பு ஏத்துக்கிட்டுன்னு குலவை போட்டமே, அது உப்பு இல்ல. இதுக்கு மருந்து உண்டா இல்லியான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்ச பெறகு எங்கள வெரட்டுங்க, போயிருதோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நகர்ந்தவர்களில் பலர், தேங்காயும் வெல்லமும் தின்று பலகை வாங்கியவர்கள், குனிந்து தங்கள் பாதத்தைத் தாங்களே கிள்ளிப் பார்த்தார்கள். மாடத்தி கிள்ளினாள், வலித்தது, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து வந்து செண்பகத்தின் அக்குளில் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

கங்காணி எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஊர் பின்னால் போனது. வலையை அறுத்து, சங்கிலியைக் கழற்றி, கதவைத் தள்ளியபோது கதவு திறக்கவில்லை. அலமாரிகள் எல்லாம் காலி, இருந்த புத்தகங்கள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் குவிந்து, அட்டை கிழிந்து, முதுகு ஒடிந்து கிடந்தன. நாலைந்து பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. சிவனணைந்தான் உள்ளே போய் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார்.

"சார், நீல அட்டை" என்றாள் பாக்கியக்கனி. "அது இதுல இருக்காது. இருந்தது ஒண்ணுதானா, வேற இருக்கா?"

"ஒண்ணுதாம்மா."

"அத நாந்தான் பாத்தியில அமுக்கிக் கொன்னுட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நான் அதை முழுசாப் படிச்சதில்லம்மா. முத்திரை குத்தும்போது பின்னட்டை கண்ணுல பட்டுது. அதுல ரெண்டு வரி இருந்துது. இந்த நோய் முழுசாக் குணமாகும். எல்லா அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் மருந்து இலவசமாக் கொடுக்கிறாங்க. அவ்வளவுதான்."

பாக்கியக்கனிக்கு முதலில் விளங்கவில்லை. "ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஒங்க வீட்டு வாசல்ல குத்துன அன்னையிலேருந்து. வாசகர் சங்கதி, நான் எப்படிம்மா..."

"அம்புட்டுதானா?" என்றாள் பாக்கியக்கனி. "அம்புட்டுதானா சார் அதுல இருந்துது?"

அம்புட்டுதான். அன்றைக்கே பஸ் ஏறிப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், நோய் நின்றுவிட்டது, கை பிழைத்தது, மற்ற விரல்கள் பிழைத்தன. பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கங்குக்கு முன்னால் வந்திருந்தால், காலைத் தினமும் பார்த்துக்கொள், செருப்புப் போடு என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பியிருப்போம் என்று டாக்டரம்மா சொன்னாள். உணர்ச்சி போன இடத்துக்கு அது திரும்பவில்லை. அந்த ஒரு விரலுக்காகப் பாக்கியக்கனி வாழ்நாளெல்லாம் தன் கையைத் தானே சபித்தாள், செண்பகம் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. நூலக வாசலில் அந்த மத்தியானம் அவள் அம்புட்டுதானா, அம்புட்டுதானா என்று தலையில் அடித்துக்கொண்டபோது, யாருக்கும் அவளைப் பிடித்து நிறுத்தத் தைரியம் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏசுவடியான் முன்னால் வந்தார். கிளிஞ்சல் மேலும் கொதிக்கிற உப்பின் மேலும் நடந்த அந்தக் கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாசல்படியில் நின்றார்.

"அந்தப் பொஸ்தகம் மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்துது" என்றார். "நாந்தான் கம்பெடுத்து வெரட்டுனேன்."

அவர் கையிலிருந்த சாவியைச் சிவனணைந்தானின் மேஜையில் வைத்தார்.

"சார், பின்னட்டையில இருந்துதுன்னு சொன்னீங்கள்லா, அத இன்னொரு தரம் சொல்லுங்க."

சிவனணைந்தான் எழுந்து நின்று, இந்தத் தடவை பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.